இசை இதழ்களின் வடிவமைப்பும் வாசகர் தேர்வும்

திரைப்பட இதழ் ஒரு படத்தின் காட்சியையே அட்டையில் அச்சிட்டுவிடலாம். உணவைப் பற்றிய இதழ் பண்டத்தின் நிறத்தையும் பதத்தையும் ஒளிப்படத்தால் உணர்த்திவிடலாம். இசை இதழோ தான் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதைத் தாளில் காட்டவே இயலாத நிலையில் பிறந்து, அந்த நிலையிலேயே நூறாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. கேட்கச் செய்ய முடியாத ஒன்றை வாங்கச் செய்ய வேண்டிய இந்தக் கட்டாயத்தால், இசை இதழின் எழுத்துருவும் தாளும் ஒளிப்படமும் பிற இதழ்களில் தாங்காத சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. வடிவமைப்பு என்று இவ்வுரை குறிப்பிடுவது பக்க அலங்காரத்தை அன்று. இதழின் பக்க அளவு, தாளின் தரம், பெயர் பொறித்த தலைப்பட்டை, அட்டையில் இடம்பெறும் வாசகங்கள், பத்திகளின் அகலம், படத்துக்கும் எழுத்துக்கும் இடையே விடப்படும் வெற்றிடம், பின்னாளில் திரையில் வந்த மதிப்பெண்ணும் சுருள்பக்கமும் ஆகிய எல்லாவற்றையும் அது உள்ளடக்கும். இவையெல்லாம் வாசகரைக் கவர்வதற்காகவே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1952 முதல் இன்றுவரை வெளிவந்த சில இதழ்களை நெருங்கிப் பார்த்தால், அவற்றின் வடிவமைப்பு முதலில் செய்த வேலை வாசகரைப் பிரிப்பது, அதாவது கடைமுன் நிற்கும் கூட்டத்தில் ‘இது உனக்கு, இது உனக்கன்று’ என்று ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவது என்பது தெரியவரும்.

இந்தப் பிரிப்பு நிகழ்ந்த இடம் செய்தித்தாள் கடையின் தாங்கி. பிரிட்டனின் தெருமுனைக் கடைகளிலும் ரயில் நிலையக் கடைகளிலும் இதழ்கள் முழு முகத்தையும் காட்டி நிற்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஒதுங்கி அடுக்கப்படுவதால், பெரும்பாலும் அட்டையின் இடப்புற மூன்றிலொரு பங்கும் மேல்விளிம்பும் மட்டுமே வெளியே தெரியும். ஆகவே இதழின் பெயர் மேலே இடப்புறத்தில் தொடங்கவும், முதன்மையான பாடகரின் பெயர் இடவிளிம்பை ஒட்டி வரவும், கண்கள் நேராகப் பார்க்கும் முகம் நடுவில் அமைந்து தலை பெயரின் மேல் சிறிது ஏறிநிற்கவும் ஒரு மரபு உருவாயிற்று. பெயரின் ஓரிரு எழுத்தை முகம் மறைத்தாலும் வாசகர் இதழை அடையாளம் கண்டுகொள்வார் என்ற துணிவு அந்த மரபுக்குள் இருக்கிறது. புதிதாக வந்த இதழ் அதைச் செய்யத் துணியாது, நிலைபெற்ற இதழ் செய்யும். அட்டையைப் பார்த்தே இதழின் வயதையும் தன்னம்பிக்கையையும் கணித்துவிட முடிவது இதனால்தான்.

வடிவமைப்பு என்றதும் படங்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் பிரிட்டனின் இசை இதழியலில் வாசகரை முதன்முதலில் பெருங்கூட்டமாக ஈர்த்தது ஓர் அட்டவணை. 1952இல் மாரிஸ் கின் ஒரு நொடித்துப்போன வார இதழை வாங்கி நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்று பெயரிட்டார், பின்னாளில் என்.எம்.இ. என்ற மூன்றெழுத்தால் உலகறிந்த இதழ் அது. அதன் விளம்பரப் பிரிவில் இருந்த பெர்சி டிக்கின்ஸ் இருபது கடைகளளவில் தொலைபேசியில் விசாரித்து, எந்த இசைத்தட்டு எவ்வளவு விற்றது என்று கேட்டுத் தொகுத்த பட்டியல் 1952 நவம்பர் 14 இதழில் வெளியாயிற்று. அல் மார்ட்டினோ பாடிய பாடல் முதலிடத்தில் நின்ற அந்தப் பட்டியலே பிரிட்டனின் முதல் தனிப்பாடல் விற்பனை வரிசை. எண், பாடல், பாடகர் என்ற மூன்று பத்திகளுக்கு மேல் அதில் வேறொன்றும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு வாரமும் மாறும் எண், சென்ற வாரத்து இடத்தோடு ஒப்பிடத் தூண்டும் எண், தனக்குப் பிடித்தவர் ஏறினாரா இறங்கினாரா என்று தேட வைக்கும் எண் வாசகரை அடுத்த வாரமும் கடைக்கு வரவழைத்தது. பீட்டில்ஸ் புகழ் உச்சத்தில் இருந்த 1964இல் அந்த இதழின் விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பட்டியலைக் கணக்கர் வேலை என்று ஒதுக்கும் வடிவமைப்பு வரலாறுகள், இசையிதழ் வாசிப்பு ஒரு பழக்கமாக ஊன்றியது எதனால் என்ற கேள்வியையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றன.

1970களில் அதே இதழ் இன்னொரு வகையில் தன் தோற்றத்தைக் கண்டடைந்தது. அதற்குக் காரணம் எந்தக் கலைக்கொள்கையும் அன்று, மலிவான செய்தித்தாள் காகிதமே. என்.எம்.இ., மெலடி மேக்கர், சவுண்ட்ஸ் ஆகிய மூன்று வார இதழ்களும் விரலில் மை ஒட்டும் காகிதத்தில் வந்ததால், வாசகர்கள் அவற்றை மையை வைத்தே செல்லப் பெயரிட்டு அழைத்தார்கள். அச்சில் ஒளிப்படம் சிறுசிறு புள்ளிகளாக உடைக்கப்பட்டே தாளில் ஏறும். மை ஊறிப் பரவும் தாளில் அந்தப் புள்ளிகள் நெருங்கி நிற்க முடியாது. நெருங்கினால் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறத்தின் நுண்ணிய வேறுபாடுகள் அழிந்துபோகும். எனவே கரியும் வெள்ளையும் கடுமையாக மோதும் படங்களே அங்கே உயிர்பிழைத்தன. பென்னி ஸ்மித்தும் நெதர்லாந்திலிருந்து 1979இல் லண்டனுக்கு வந்த அன்டன் கோர்பேனும் எடுத்த படங்களின் கரடுமுரடான துகள்தன்மை இந்தக் காகிதத்துக்கு இணங்கியதாக அமைந்தது. ஜாய் டிவிஷன் குழுவினர் நிலத்தடி ரயில் நிலையத்தின் சுரங்க வழியில் முதுகைக் காட்டி நடக்க, ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்கும் கோர்பேனின் படத்தை இதழ் உடனே விரும்பி ஏற்கவில்லை. முகம் தெரியாத படம் விற்காது என்பது தாங்கியின் விதி. பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் இறந்த பிறகு அதே படம் அட்டைக்கு வந்தது. வறுமையால் விளைந்த கறுப்பு வெள்ளை, சில ஆண்டுகளில் உண்மைத்தன்மையின் அடையாளமாக மதிக்கப்பட்டது. வண்ணத்தில் வந்தவர்கள் வணிகப் பாடகர்கள், கறுப்பு வெள்ளையில் வந்தவர்கள் கலைஞர்கள் என்ற எண்ணம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாசகர் மனத்தில் குடியேறியது.

அமெரிக்காவில் ரோலிங் ஸ்டோன் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. யான் வென்னரும் ரால்ஃப் கிளீசனும் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய அவ்விதழின் முதல் வெளியீடு 1967 நவம்பர் 9 என்ற தேதியோடு, ஒரு திரைப்படத்தில் போர்வீரராக நடித்த ஜான் லெனனின் படத்தை முகப்பில் தாங்கி வந்தது. அக்காலத்து ஹிப்பி இதழ்கள், எழுத்துகள் நெளிந்து வழியும் வண்ணப் பிழம்புகளாக இருந்தன; படிப்பதைவிடப் பார்த்து மயங்குவதற்கே அவை உரியவை. ரோலிங் ஸ்டோனின் பெயரெழுத்தை அந்த மரபின் தேர்ந்த ஓவியரான ரிக் கிரிஃபின்தான் வரைந்தார். ஆனால் உள்ளே புரட்டினால் நேரான பத்திகளும், தடித்த கோடும் மெல்லிய கோடும் இணைந்து பக்கத்தைச் சுற்றி ஓடும் சட்டமும், நிலைபெற்ற நாளேட்டின் ஒழுங்கும் இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு கோடு என்று அச்சுத் தொழிலில் வழங்கும் அந்த இரட்டைக் கோடு, பழைய நூல்களின் தலைப்புப் பக்கங்களில் கண்ணியத்தின் குறியாக இருந்தது. முடி வளர்த்த இளைஞர்களின் இசையை அந்தச் சட்டத்துக்குள் வைத்ததன் பொருள், அந்த இசை நாட்டின் அரசியலுக்கு நிகராகப் பேசத் தகுந்தது என்பதே. கிளர்ச்சியாளரை மட்டும் அழைத்திருந்தால் பிற ஹிப்பி ஏடுகளைப் போல அதுவும் ஓரிரு ஆண்டில் மறைந்திருக்கும். கிளர்ச்சியில் மனம் இருந்தும் கல்லூரிப் படிப்பையும் ஒழுங்கான வாக்கியத்தையும் விடாதவரை அது தேர்ந்தெடுத்தது. 1987இல் கலை இயக்குநராக வந்த ஃபிரெட் வுட்வர்ட் அந்தச் சட்டத்தை மீண்டும் பக்கங்களுக்குக் கொண்டுவந்து, அதனுள் ஒவ்வொரு கட்டுரைக்கும் அதற்கெனத் தனியான எழுத்துருவைத் தேர்ந்து பெரிதாக விளையாடவிட்டார்; சட்டம் மாறாததால் உள்ளே எதை மாற்றினாலும் இதழ் தன் முகத்தை இழக்கவில்லை.

அட்டைப்படத்தின் ஆற்றலை விளக்க அதே இதழின் இரண்டு அட்டைகள் போதும். முதலாவது 1981 ஜனவரி 22 இதழ். ஆன்னி லைபோவிட்ஸ் 1980 டிசம்பர் 8 அன்று எடுத்த படத்தில், ஆடையின்றிச் சுருண்ட ஜான் லெனன், ஆடையணிந்து படுத்திருக்கும் யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிடுகிறார். படம் எடுத்த சில மணி நேரத்தில் லெனன் சுட்டுக்கொல்லப்பட்டார். இதழின் பெயரையும் தேதி முதலிய சிறு விவரங்களையும் தவிர அந்த அட்டையில் ஒரு வாசகமும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி விற்கும் தொழிலில் வாய்மூடி நிற்பதே அங்கே உரிய மரியாதையாக இருந்தது. அமெரிக்க இதழாசிரியர் சங்கம் 2005இல் நாற்பதாண்டு அட்டைகளில் முதலிடத்தை இதற்குத் தந்தது.

இரண்டாவது அட்டை, வடிவமைப்பைப் படிப்பவர்களுக்கு முதலாவதைவிடப் பயனுள்ளது என்றே கருத வேண்டும். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வைத்த ஜோகர் சார்னயேவைப் பற்றி நெடிய புலனாய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்ட ரோலிங் ஸ்டோன், அவ்வாண்டு ஆகஸ்ட் 1 இதழின் அட்டையில் அவரே எடுத்துக்கொண்ட படத்தைப் போட்டது. கலைந்த சுருள்முடி, மெல்லிய தாடி, நேராகப் பார்க்கும் கண்கள். அதே படம் அதற்குச் சில வாரங்களுக்கு முன் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் முதல் பக்கத்தில் வந்தபோது பெரிய எதிர்ப்பு ஏதும் எழவில்லை. ரோலிங் ஸ்டோன் அட்டையிலோ அது பெருங்கொந்தளிப்பை உண்டாக்கிற்று. பாஸ்டன் நகர மேயர் கண்டித்துக் கடிதம் எழுதினார். நாடெங்கும் கிளைகள் கொண்ட கடைத்தொடர்கள் அந்த இதழை விற்க மறுத்தன. அட்டையில் இருந்த வாசகம் அவரை அரக்கன் என்றே சொல்லியது. ஆனால் வாசகம் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளாக டிலனும் ஹெண்ட்ரிக்ஸும் ஜிம் மோரிசனும் நின்ற இடத்தில், அவர்கள் நின்ற அதே தோரணையில் ஒருவர் நின்றால் அவர் பாடகராகவே தெரிவார். ஒரு சட்டத்தை அரை நூற்றாண்டு ஒரே பொருளில் பயன்படுத்திய இதழ், தான் விரும்பும்போது மட்டும் அந்தப் பொருளைக் கழற்றி வைக்க முடியாது என்பதை அந்தக் கொந்தளிப்பு காட்டிற்று. ஆசிரியர் குழு கட்டுரையின் தரத்தைச் சொல்லித் தற்காத்துக்கொண்டது. தரம் பற்றி எவரும் ஐயம் எழுப்பவில்லை என்பதால் அந்தத் தற்காப்பு பொருந்தவில்லை.

இளவயதினருக்கான இதழ்களில் வடிவமைப்பு இன்னும் வெளிப்படையாக வேலை செய்தது. என்.எம்.இ.யின் ஆசிரியராக இருந்த நிக் லோகன் 1978இல் தொடங்கிய ஸ்மாஷ் ஹிட்ஸ், புகழ்பெற்ற பாடல்களின் வரிகளை முழுமையாக அச்சிட்டு, பக்கத்திலேயே பாடகரின் வண்ணப்படத்தை வைத்தது. தமிழ்நாட்டில் திரையரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வானொலியோடு சேர்ந்து பாடியவர்களுக்கு அதன் கவர்ச்சியை விளக்க வேண்டியதில்லை. கிழித்துச் சுவரில் ஒட்டும்படி நடுப்பக்கம் அமைந்தது. அதாவது இதழ் பிய்க்கப்படுவதற்கென்றே கட்டப்பட்டது. 1980களின் இறுதியில் சில வெளியீடுகள் பத்து லட்சத்தை நெருங்கி விற்றன. கனத்த ராக் இசைக்கான கெராங்!, 1981 ஜூனில் சவுண்ட்ஸ் வார இதழின் சிறப்பு வெளியீடாக, ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் படத்தோடு வந்தது. கிதார்த் தந்தியை ஓங்கி அடித்தால் எழும் ஓசையே அதன் பெயர். அந்தப் பெயரின் எழுத்துகள், ஓசை தாங்காமல் விரிசல் விட்ட கண்ணாடிபோல் வரையப்பட்டன. அட்டையில் வெற்றிடம் என்பதே இல்லாமல், சாய்ந்த பட்டைகளும் வியப்புக் குறிகளும் சிறு படங்களும் சுவரொட்டி அறிவிப்புகளும் நெருக்கித் தள்ளும். நேர்த்தியை விரும்புபவரின் கண்ணுக்கு அது குப்பை. அவர் வாங்கக்கூடாது என்பதே திட்டம். பெற்றோர் முகம் சுளிக்கும் இரைச்சலை விரும்பும் பதினைந்து வயதினருக்கு அந்த நெரிசலே நுழைவுச் சீட்டு.

லோகன் தம் சேமிப்பை முதலாக்கி 1980இல் தொடங்கிய தி ஃபேஸ் இதழ் இசையோடு உடையையும் தெரு வாழ்க்கையையும் சேர்த்துப் பேசியது. 1981 முதல் 1986 வரை அதன் தோற்றத்தை வகுத்த நெவில் பிராடி, எழுத்தைப் படிக்கும் கருவியாக மட்டும் கொள்ளாமல் படமாகவும் நடத்தினார். உள்ளடக்கப் பக்கத்தின் மேலிருந்த தலைப்புச் சொல்லை அவர் இதழுக்கு இதழ் சிறிது சிறிதாகச் சிதைத்துக்கொண்டே போய், சில மாதங்களில் அது வெறும் குறிகளாக எஞ்சும்படி செய்தார். ஓர் இதழை மட்டும் வாங்கியவருக்கு அந்தக் குறிகள் பிழையாகத் தெரியும். தொடர்ந்து வாங்கியவருக்கு அது உள்ளடக்கம் என்று தெரியும். விசுவாசமான வாசகருக்கு மட்டும் புரியும் மறைமொழியை ஒரு பக்கத் தலைப்பிலேயே வைத்த இச்செயலைவிடத் தெளிவாக வாசகர் தேர்வைக் காட்டும் சான்று கிடைப்பது அரிது.

இந்தப் போக்கு தன் எல்லையைத் தொட்டது 1992இல் கலிஃபோர்னியாவில் மார்வின் ஸ்காட் ஜாரெட் தொடங்கிய ரே கன் இதழில். அதன் வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் சமூகவியல் படித்தவர், அலைச்சறுக்கு வீரர். அச்சுக்கலைப் பள்ளிகளின் விதிகளை அவர் மீறினார் என்பதைவிட, அவ்விதிகளுக்குள் வளரவே இல்லை என்பது பொருத்தம். பத்திகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், வரி பாதியில் அறுந்து அடுத்த பக்கத்தில் தொடரும், தலைப்பு தலைகீழாக நிற்கும். 1994இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் நேர்காணல் சலிப்பூட்டுவதாக இருந்தது என்று கருதிய கார்சன், அதை முழுவதும் ஸாஃப் டிங்பேட்ஸ் என்ற எழுத்துருவில் அச்சிட்டார். அம்புக்குறி, நட்சத்திரம், கத்தரிக்கோல் போன்ற சின்னங்களை மட்டுமே கொண்ட எழுத்துரு அது. ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. படிக்கக்கூடிய வடிவம் அதே இதழின் பின்பகுதியில் தரப்பட்டது. வடிவமைப்பு வரலாறுகள் இந்நிகழ்ச்சியைத் துணிவின் உச்சமாகப் போற்றுகின்றன. பேட்டி கொடுத்தவருக்கும் எழுதியவருக்கும் செய்த அவமதிப்பு என்ற கோணத்தை அவை எளிதில் கடந்துவிடுவது வியப்புக்குரியது. இசையின் இரைச்சலைப் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற நோக்கம் புரிந்துகொள்ளத் தக்கதே; ஆனால் பக்கம் முழுதும் இரைச்சலானபின், எந்தப் பாடகரைப் பற்றியது என்பதே பொருட்டில்லாமல் போய், கார்சனின் பக்கம் என்பது மட்டும் நின்றது. 1995இல் கார்சன் விலகினார். 2000இல் இதழும் நின்றது. அதற்குள் அவருடைய பாணி பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களுக்குள் புகுந்துவிட்டதால், அதைக் கொண்டு பிரித்தறிய வாசகர் எவரும் மிஞ்சவில்லை.

இதற்குச் சற்று முன்பிருந்தே பிரிட்டனில் மறுபுறம் அமைதியாக வேறொரு வாசகர் உருவானார். குறுந்தகடு 1980களின் நடுவில் பரவியபோது, இளமையில் வாங்கிய இசைத்தட்டுகளைப் புதிய வடிவில் மீண்டும் வாங்கும் வசதி படைத்த முப்பது, நாற்பது வயதினரை எந்த இசை இதழும் கவனிக்கவில்லை. ஸ்மாஷ் ஹிட்ஸில் பணியாற்றிய மார்க் எல்லனும் டேவிட் ஹெப்வொர்த்தும் 1986இல் அவர்களுக்காகத் தொடங்கியது கியூ. வழவழப்பான கனத்த தாள், சிவப்புச் சதுரத்துக்குள் ஒற்றை வெள்ளை எழுத்து, முதல் அட்டையில் பால் மெக்கார்ட்னி, பின்பகுதியில் ஐந்து நட்சத்திர அளவுகோலில் தரமிடப்பட்ட நூற்றுக்கணக்கான சிறு மதிப்புரைகள். நட்சத்திரம் என்பது அவசரக்காரருக்கான மதிப்புரை. கட்டுரையைப் படிக்க நேரமில்லாமல் கடைக்குச் செல்பவர் நட்சத்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம். 1993இல் வந்த மோஜோ அதே வாசகரின் இன்னும் ஆழ்ந்த பகுதியைத் தேர்ந்தது. பழைய ஒளிப்படக் கருவூலங்களிலிருந்து எடுத்த படங்கள், நூலைப் போன்ற நீண்ட பத்திகள், பிற்காலத்தில் அட்டையோடு ஒட்டிவந்த இலவசக் குறுந்தகடு. அந்தக் குறுந்தகட்டோடு, தாளில் காட்ட இயலாத பொருளை இதழ் தானே கொடுத்தது என்றாலும், பசை தடவி ஒட்டிய அந்தத் தகடு அட்டையின் அழகான இடத்தை மறைத்தது என்பது வடிவமைப்பாளர்களின் மாறாத குறை.

இணையம் இந்த ஏற்பாடுகளின் அடித்தளத்தையே மாற்றிற்று. தாளில் இதழ் ஒரு முழுப்பொருள். அட்டை வழியாக மட்டுமே உள்ளே நுழைய முடியும். இணையதளத்திலோ வாசகர் தேடுபொறி வழியாகவோ நண்பர் அனுப்பிய இணைப்பு வழியாகவோ நேரே ஒரு கட்டுரையின் நடுவில் வந்து இறங்குகிறார். முகப்புப் பக்கத்தைப் பாராமலே திரும்பிவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு பக்கமும் தனக்குத் தானே அட்டையாக இருந்தாக வேண்டும். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவுசெய்து வெளியிட்ட ஆய்வு, திரையில் வாசிப்பவர் மேல்வரிகளை ஓரளவு முழுதாகவும், கீழே செல்லச் செல்ல இடவிளிம்பை மட்டும் மேய்ந்தும் போகிறார் என்று காட்டியது. கடைத் தாங்கி வகுத்த இடப்புற மூன்றிலொரு பங்கு என்ற விதி, தாங்கியே இல்லாத இடத்தில், இடமிருந்து வலமாக வாசிக்கும் பழக்கத்தால் வேறொரு வடிவில் தொடர்ந்தது.

இந்த நிலைக்கு மிகக் கூர்மையான விடை கண்ட தளம் பிட்ச்ஃபோர்க். மினியாபொலிஸ் நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த ரயன் ஷ்ரைபர் 1990களின் நடுவில் தொடங்கிய அத்தளம், ஒவ்வொரு இசைத் தொகுப்புக்கும் 0.0 முதல் 10.0 வரை பதின்மப் புள்ளியோடு மதிப்பெண் இட்டது. கியூவின் ஐந்து நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் இப்போது 101 படிகள். 7.8க்கும் 7.9க்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் செவியும் அளந்துவிடாது. ஆனால் அந்தத் துல்லியத்தின் தோற்றமே, ஏன் 7.9 இல்லை என்று சண்டையிட வாசகரை அழைத்தது. தொகுப்பின் சதுர அட்டைப்படமும் பெரிய எண்ணும் பக்கத்தின் தலையில் அடுத்தடுத்து நின்றன. 31 செ.மீ. அகல இசைத்தட்டு உறையாக இருந்த அந்தச் சதுரம், 12 செ.மீ. குறுந்தகட்டு உறையாகி, கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகமளவு சுருங்கியபின், அதில் ஓவியம் புலப்படாது. எண் மட்டும் எந்த அளவிலும் புலப்படும். 2000இல் ரேடியோஹெட் குழுவின் கிட் ஏ தொகுப்புக்குக் கிடைத்த 10.0, 2004இல் பாடகர் டிராவிஸ் மாரிசனின் தனித் தொகுப்புக்கு விழுந்த 0.0 ஆகியவை, மதிப்புரையின் ஒரு வாக்கியத்தையும் நினைவில் வைத்திராதவர்களும் அறிந்த எண்கள். மாரிசனின் தொகுப்பை விற்கக் கடைகள் தயங்கும் அளவுக்கு அந்தச் சுழி வேலை செய்தது. 2006இல் ஜெட் என்ற ஆஸ்திரேலியக் குழுவின் தொகுப்புக்கு இன்னொரு 0.0 தந்தபோது, மதிப்புரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. குரங்கு ஒன்று தன் சிறுநீரைத் தானே குடிக்கும் காணொளி மட்டும் பதிக்கப்பட்டிருந்தது. ரே கன் சின்னங்களால் செய்ததை இத்தளம் காணொளியால் செய்தது என்று இதைப் பாராட்டுபவர் உண்டு. சின்னங்களுக்குப் பின்னால் ஒரு கட்டுரையாவது இருந்தது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

எண் ஈர்த்த கூட்டத்தை நிறுத்தி வைக்க அத்தளம் நேர்மாறான முயற்சிகளையும் செய்தது. 2013இல் டாஃப்ட் பங்க் என்ற இசை இரட்டையரைப் பற்றிய அட்டைக் கட்டுரையில், வாசகர் பக்கத்தைச் சுருட்டிக்கொண்டு போகும்போது படங்கள் எழுத்துக்குப் பின்னால் வேறு வேகத்தில் நகர்ந்து, அவர்கள் அணியும் தலைக்கவசங்கள் மின்னி, பத்தி தோறும் காட்சி மாறிற்று. பல அடுக்குகளை வெவ்வேறு வேகத்தில் நகர்த்தி ஆழத்தை உணர்த்தும் இந்த உத்தி அசைபடக் கலையில் முன்பே இருந்தது. இசை இதழியலில் அது இழந்துபோன அட்டையைத் திரையில் மீட்கும் முயற்சி. ஆயினும் அப்படி ஒரு பக்கத்தைக் கட்டக் கணினி நிரலாளரும் ஒளிப்படக்காரரும் சேர்ந்து நெடுநாள் உழைக்க வேண்டும். வாரந்தோறும் செய்ய இயலாது. மறுபுறம், விளம்பர வருவாய் பக்கப் பார்வைகளின் எண்ணிக்கையைச் சார்ந்திருந்ததால், இசைத்தளங்கள் பலவும் ‘சிறந்த நூறு தொகுப்புகள்’ போன்ற பட்டியல்களைப் பத்துப் பத்துப் பக்கங்களாக வெட்டி, அடுத்து அடுத்து என்று சொடுக்க வைத்தன. வாசகரின் விரலைக் கணக்கிட்டு அமைத்த அந்தப் பக்கங்களை வடிவமைப்பு என்று அழைப்பதைவிடச் சுங்கச்சாவடி என்று அழைப்பது நேர்மையானது. முகநூல் முதலிய தளங்களில் இணைப்பு பகிரப்படும்போது தோன்றும் சிறு பெட்டியில் ஒரு படுக்கைவாட்டுப் படமும் ஒரு தலைப்பும் மட்டுமே இடம்பெறும். அந்தப் பெட்டியின் அளவையும் எழுத்துருவையும் தீர்மானிப்பது இதழ் அன்று, அதைத் தாங்கும் நிறுவனம். ரோலிங் ஸ்டோனின் இரட்டைக் கோடும் கெராங்!இன் விரிசலும் அங்கே ஒரே சாம்பல் எழுத்தில் சமமாகிவிடுகின்றன. பிட்ச்ஃபோர்க்கை 2015இல் கான்டே நாஸ்ட் நிறுவனம் வாங்கிற்று. 2024 ஜனவரியில் ஆண்கள் நடையுடை இதழான ஜி.க்யூ.வின் கீழ் அதைக் கொண்டுவருவதாக அறிவித்து, ஊழியர் பலரை விடுவித்தது. சுதந்திர இசைக்கென்றே வாசகரைத் தேர்ந்த தளம், அந்த வாசகரைத் தன்னுடையவராகவே கருதாத வேறோர் இதழின் பிரிவாயிற்று.

எல்லோரையும் அழைக்கத் துணிந்த இதழுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு என்.எம்.இ.யே சான்று. அது 1996லேயே இணையதளத்தைத் தொடங்கியிருந்தது. இணையத்தில் செய்தி உடனுக்குடன் கிடைத்ததால் அச்சு இதழின் விற்பனை 2014 வாக்கில் 20,000க்கும் கீழே இறங்கிற்று. 2015 செப்டம்பரில் உரிமையாளர்கள் விலையை நீக்கி, ரயில் நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் இலவசமாக வழங்க முடிவுசெய்தார்கள். முதல் இலவச இதழின் அட்டையில் பாப் பாடகி ரியானா இருந்தார். கிதார்க் குழுக்களையே உலகமாகக் கொண்ட பழைய வாசகருக்கு அது ஒரு விடைபெறுதலாகப் பட்டது. திரைப்படமும் தொலைக்காட்சியும் உடையும் உள்ளே வந்தன. வழங்கப்பட்ட பிரதிகள் 3 லட்சத்துக்கு மேல். 1964இல் காசு கொடுத்து வாங்கியவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுவே. ஆனால் 1964இல் வாங்கியவர் தான் இன்னார் என்று காட்டிக்கொள்ள அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்; 2015இல் பெற்றவர் ரயிலில் இருக்கையிலேயே விட்டுச் சென்றார். கையில் திணிக்கப்படும் இதழுக்குத் தாங்கியில் போட்டியிட வேண்டியதில்லை; போட்டியிட வேண்டாத அட்டை விளம்பரத் துண்டறிக்கையைப் போல் ஆகிவிடும். 2018 மார்ச்சில் அந்த வார இதழ் நின்றது. கெராங்! வார அச்சை 2020இல் கைவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் கியூ மூடப்பட்டது.

அதன்பின் நடந்ததை மறுமலர்ச்சி என்று சொல்வது மிகையாகும். ஆனால் கவனிக்கத் தக்கது. தி ஃபேஸ் 2019இல் மீண்டும் அச்சுக்கு வந்தது, கெராங்! காலாண்டு இதழாகத் திரும்பியது, என்.எம்.இ. 2023இல் குறைந்த பிரதிகளோடு இருமாத இதழாக அச்சாயிற்று. இவற்றில் பெரும்பகுதி தெருமுனைக் கடைக்கு வருவதே இல்லை. முன்பணம் கட்டியவர் வீட்டுக்கு அஞ்சலில் போகின்றன, அல்லது இசைத்தட்டுக் கடையின் கல்லாவுக்கு அருகில் சில பிரதிகளாகக் கிடக்கின்றன. இவற்றை வாங்குபவர் அட்டையைப் பார்க்கும் முன்பே பணம் கொடுத்துவிட்டவர். அவரிடம் உள்ளே இருப்பதை எடுத்துச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை; இடப்புற மூன்றிலொரு பங்கில் பெயர்களை நெருக்க வேண்டியதில்லை; முகம் நேராகப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாள் கனமாகிறது, வாசகங்கள் குறைகின்றன, விலை ஏறுகிறது. வாசகரைத் தேர்ந்தெடுக்கும் வேலை அட்டையிடமிருந்து சந்தாப் பட்டியலுக்குக் கைமாறிய நிலையில், இந்த அட்டைகளை வரைபவர்கள், வாங்கத் தயங்குபவர் ஒருவரையும் மனத்தில் வைக்காமல் வரையும் முதல் தலைமுறையினர்.